தேயிலைப் பெட்டிப் பலகை

மடுல்சீமையில் மூடுபனி உண்டு; சறுக்குதற்குரிய வெண்பனி இல்லை. ஆயினும், காய்ந்த மாணாப்புற் சரிவிலே, உடைந்த தேயிலைப் பெட்டியின் பலகைமீது அமர்ந்து சறுக்கியே எங்கள் இளமை கழிந்தது. அப்பலகை நேரே ஓடும், திரும்பாது. ஒருநாள் தம்பி கானுள் விழுந்து முன்கையை முறித்துக்கொண்டான். கொழுந்து லொறியிலேதான் பதுளைக்குக் கொண்டு சென்றோம். பின்னின்று தள்ளியவன் நான்.

சுவிற்சர்லாந்திற் குடியேறிவிட்ட அவன், நான் அங்குச் சென்றிருந்தபோது, எவ்வகைச் சரிவுக்கும் ஏற்ற பனிப்பலகையொன்றைக் காட்டினான். 1965இல் அமெரிக்காவின் மிச்சிகனிலே சேர்மன் பொப்பன் தம் பெண்மக்களுக்காக இரு சறுக்குக்கட்டைகளைப் பிணைத்துச் செய்த விளையாட்டுப் பொருளின் வழிவந்தது அது. 1998இல் நகானோ ஒலிம்பிக்கிலும் அவ்விளையாட்டு இடம்பெற்றது. இடை சிறுத்த அதன் ஓரங்களில் உருக்கு விளிம்பு பதிந்திருந்தது. சாய்த்தால் அவ்விளிம்பு இறுகிய பனியைக் கவ்வ, பலகை வில்லாய் வளைந்து திரும்பும்; உயர்ந்த மூக்கோ புதுப்பனியில் அமிழாது மிதக்கும். தேர்ந்தோர்க்கான பலகை விறைப்பு மிக்கது. விரைவிலே அதிராது; தயங்குபவனையோ எளிதில் வீழ்த்திவிடும். (எனக்கு அதன்மேல் நிற்கவே இயலவில்லை.)

தம்பி உச்சியிலிருந்து இறங்கி, என்னெதிரே பனி சிதறத் திரும்பி நின்றான். சற்றே கோணலாய்ப் பொருந்திய அவன் முன்கையையே நான் நோக்குவதைக் கண்டு நகைத்தான்.

"இப்ப கான் வந்தாலும் திரும்பிருவேன், அண்ணே."