பழமும் தரும், கிழங்கும் தரும்

தூத்துக்குடிப் பக்கம் எங்களுக்கு இருப்பது முப்பது சென்ட் மணல் நிலமும் ஆறு பனைகளும்தான். “வெட்டி, செங்கல் சூளைக்குக் கொடுத்தால் கைமேல் காசு” என்றார் இவர். “அந்தக் காசு எத்தனை நாளைக்குடா? பனை உன் பேரன் காலம் வரைக்கும் நிக்கும்” என்று தடுத்துவிட்டார் அத்தை.

ஆவணியில் பழம் தானாக விழும். ஏற ஆள் வேண்டாம். விடியற்காலையில் பொறுக்கினால் போதும். சுட்டுச் சாப்பிட்டால் நார்ச்சத்தும் கண்ணுக்கு நல்லதான கரோட்டினும் கிடைக்கும். பழத்துக்கு மூன்று கொட்டை வரை இருக்கும். மணலைக் குவித்துப் பாத்தி கட்டி, கொட்டைகளை நெருக்கி அடுக்கி மூடினால் பொங்கலுக்குப் பனங்கிழங்கு ரெடி. உரச் செலவே கிடையாது.

கிழங்கு விற்ற காசு என் கையில்! மகளின் பரீட்சைக் கட்டணத்துக்கு யாரிடமும் கை நீட்டவில்லை. கொல்லையில் ஒற்றைப் பனை நின்றாலும் வெட்ட விடாதீர்கள், சகோதரிகளே!