சொல்லத் தயங்கிய வருத்தம்

குடும்பத்தார் கூடியிருந்து படிக்கும் பக்கத்தில் இதனை எழுதலாமா என்று நாம் பல நாள் தயங்கினோம். ஆயினும் கிளினிக் வாங்கில் ஒரே வருத்தத்துடன் ஒருவர் முகத்தை ஒருவர் பாராது அமர்ந்திருந்த எம்போன்றோரை எண்ணும்போது, எழுதாதிருக்க மனம் ஒப்பவில்லை.

எமது 62ஆம் வயதில், சிறுநீர்ப்பைக்குக் கீழேயுள்ள புரொஸ்டேற் சுரப்பியிற் புற்றுநோய் கண்டது. சத்திரசிகிச்சை செய்து சுரப்பியை முற்றாக அகற்றினர். உயிர் பிழைத்தோம், ஆனால் தாம்பத்தியத்துக்கு வேண்டிய விறைப்புத் தன்மை எம்மை விட்டு நீங்கிற்று. வீடு திரும்பும் நாளில் வைத்தியர் 'சில்டெனாபில்' என்று சீட்டில் எழுதித் தந்தார். நெஞ்சுவலிக்கென ஆராயப்பட்டு, 1998இல் வயாகரா என்ற பெயருடன் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அதுவே.

அச்சீட்டை நாம் மனைவிக்குக் காட்டினோமில்லை. குளிகைகளை அலுமாரியில் வேட்டிகளுக்கடியில் ஒளித்து வைத்தோம். மூன்று மாதம் விழுங்கியும் தலையிடியே மிச்சம். குளிகைக்கும் மசியாத உடம்பென்றால் இனி எல்லாம் முடிந்ததென்று தீர்மானித்து, படுக்கையை விறாந்தைக்கு மாற்றிக்கொண்டோம். காரணங் கேட்ட மனைவிக்கு, "உள்ளே வெக்கை" என்றோம். மார்கழி மாதத்தில் வெக்கை!

ஆறாம் மாதம் கிளினிக்கில் இளம் வைத்தியர் ஒருவர் தாளிற் படங் கீறி விளக்கினார். விறைப்புக்குரிய மெல்லிய நரம்புகள் சுரப்பியின் இருபுறமும் ஒட்டினாற்போலச் செல்கின்றன. அவற்றின் பாதை நெடுங்காலம் சரிவர அறியப்படவில்லை. 1981இல் ஒல்லாந்தின் லெய்டன் நகரிற் பேராசிரியர் டொங்கரும் அமெரிக்க வைத்தியர் பற்றிக் வோல்ஷும், இறந்து பிறந்த சிசு ஒன்றின் உடலில் அவற்றைத் தேடிக் கண்டனர். மறுவருடமே வோல்ஷ், பால்ட்டிமோரில், அந்நரம்புகளைக் காத்துச் சுரப்பியை அகற்றிக் காட்டினார். எனினும் வெட்டுப்படாத நரம்பும் இழுபட்டு நொந்து மாதக்கணக்கிற் செயலற்றுக் கிடக்கும். தேற 18 மாதமோ 2 வருடமோ, சிலருக்கு அதற்கு மேலுமோ ஆகலாம்.

"ஐயா, குளிகை தானாக எதையும் தொடக்காது. நரம்பு முதலில் நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயுவை வெளிவிட வேண்டும். அதனாற் பிறக்கும் பொருளே குருதிக் குழாய்களைத் தளர்த்துகிறது. அப்பொருள் விரைவில் அழிந்துபோகாமற் காப்பது மட்டுமே குளிகையின் வேலை. நரம்பு மௌனமாயிருந்தால் அது எதைக் காக்கும்?" என்றார்.

இருபுற நரம்புகளும் அகற்றப்பட்டவர்க்குக் குளிகை பெரும்பாலும் பயன்படாது. எமக்கோ ஒருபுறம் காக்கப்பட்டிருந்தது. இதனை ஆறு மாதமாக நாம் கேட்டறியாதது எமது வெட்கத்தின் பலனே. நரம்பு தேறும்வரை, அதன் துணை வேண்டாத அல்புரொஸ்ரடில் என்ற மருந்தை உறுப்பிலேயே மெல்லிய ஊசியால் ஏற்றலாம் என்றார் வைத்தியர். கேட்டவுடன் எமது கால்கள் குளிர்ந்தன. விறைப்பு 4 மணித்தியாலத்துக்கு மேல் நீடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டுமென்றும் எச்சரித்தார்.

பின்பு, "நெஞ்சுவலிக்கு நாவின் கீழ் வைக்கும் குளிகை பாவிக்கிறீர்களா?" என்று வினவினார். நாம் பாவிப்பதில்லை. ஆனால் முந்திய கிழமைதான், தமக்கும் இக்குறை உண்டெனக் குசுகுசுத்த பழைய நண்பர் ஒருவருக்கு எமது மிச்சக் குளிகைகளை இரகசியமாகக் கொடுத்திருந்தோம். அவர் இருதய நோயாளர். நைத்திரேற்று வகை மருந்துடன் இது சேர்ந்தால் இரத்த அமுக்கம் உயிராபத்தாகுமளவுக்கு விழும் என்பதை அப்போதுதான் அறிந்தோம். கிளினிக் வாசலில் நின்றே தொலைபேசியில் அழைத்தோம். நல்ல காலம், அவர் இன்னும் தொடவில்லை.

அன்றிரவு மனைவியிடம் யாவற்றையும் சொன்னோம். நெடுநேரம் பேசாதிருந்தவள், "என்னில் ஏதோ கோபமென்றல்லவா ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்," என்றாள். பிறகு கண்ணாடியை அணிந்து, ஊசிமருந்துடன் வந்த துண்டுப் பிரசுரத்தை முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். "உங்களுக்குப் பயமென்றால் நான் ஏற்றிவிடுகிறேன். அம்மாவுக்கு ஒன்பது வருடம் இன்சுலின் ஏற்றிய கை."

சத்திரசிகிச்சை நடந்து இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகின்றன. ஊசி இப்போது அரிதாகவே வேண்டியிருக்கிறது. குளிகை பல நாள் பலிக்கிறது, சில நாள் பலிப்பதில்லை. படுக்கை விறாந்தையிலிருந்து உள்ளே வந்து வெகு நாளாயிற்று.