மிகைப் பிரதி

சென்ற கோடை விடுமுறையில் என் கணிப்பொறியில் இடமில்லாமற் போயிற்று. புதிதாக ஒரு கோப்பையும் ஏற்க இயலாதென்று அது நாள்தோறும் அறிவித்து வந்தது. மயிலாப்பூரிலுள்ள எங்கள் பழைய வீட்டில், பரண் நிரம்பிவிட்டால் போகிப் பண்டிகையன்று பழையவற்றைக் கழித்துவிடுவது வழக்கம். அவ்வாறே கணிப்பொறிக்கும் ஒரு போகி நடத்தலாமென்று துணிந்தேன். அதனால் நேர்ந்த பிழையையும், அதன்வாயிலாக நான் கற்றுக்கொண்டதையும், நம் கல்லூரி மாணவர்களுக்குப் பயன்படக்கூடுமென்று கருதி ஈண்டு எழுதுகின்றேன்.

கோப்புக்கள் இவ்வளவு பெருகியதற்கு ஒரு காரணம் உண்டு. 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அடையாற்றில் பெருவெள்ளம் வந்ததைச் சென்னைவாசிகள் மறந்திரார். கோட்டூர்புரத்தில் கீழ்த்தளத்தில் குடியிருந்த என் தம்பியின் வீட்டினுள் நீர் புகுந்தது. எங்கள் பெற்றோரின் கலியாணப் படங்கள் இருந்த ஆல்பம் சேற்றோடு சேறாயிற்று. அன்று தொடங்கி எங்கள் குடும்பத்தாரை ஓர் அச்சம் பற்றிக்கொண்டது. எஞ்சிய படங்களையும் கடிதங்களையும் ஸ்கேன் செய்து, ரிச்சித் தெருவில் வாங்கிய ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதியும், பென் டிரைவில் ஒரு பிரதியும், என் கணிப்பொறியில் ஒரு பிரதியுமாக வைத்தோம். ஆண்டுதோறும் பழைய டிஸ்கைப் புதிய டிஸ்கினுள் முழுவதும் கொட்டிவைத்தோம். ‘சேமிப்பு’, ‘சேமிப்பு புதியது’, ‘சேமிப்பு இறுதி’, ‘சேமிப்பு மெய்யாகவே இறுதி’ என்று உறைகள் ஒன்றனுள் ஒன்றாக அடங்கிக் கிடந்தன. அச்சத்தினாற் பிறந்த பிரதிகளுக்கு அளவேது?

அவற்றுள் என் தந்தையாரின் வாழ்க்கைக் குறிப்பும் ஒன்று. அவர் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். முதுமையில் தட்டச்சுப் பழகி, தம் வரலாற்றைச் சிறிது சிறிதாக எழுதி வந்தார். 2018ஆம் ஆண்டில் அவர் காலமானார். அக்குறிப்பு ஒரே பெயரோடு ஐந்து இடங்களில் இருந்தது. நான் தேதியைப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் 2020 என்றிருந்தது. அதுவே கடைசியானதென்று முடிவு செய்து மற்ற நான்கையும் அழித்தேன். அத்துடன் நில்லாமல், கணிப்பொறியின் குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். பரணைப் பெருக்கி முடித்தவனைப்போல மனம் நிறைவாக இருந்தது.

இரண்டு மாதங்களுக்குப் பின் தந்தையாரின் நினைவுநாள் வந்தது. அன்னையாரின் கடைசி நாட்களைப்பற்றி அவர் எழுதியிருந்த பகுதியைக் குடும்பத்தாருக்குப் படித்துக் காட்டலாமென்று கோப்பைத் திறந்தேன். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதோடு அது முடிந்திருந்தது. அன்னையாரைப்பற்றிய பக்கங்கள் இல்லை. என் கைகள் நடுங்கின.

என் தமக்கையின் மகள் கணிப்பொறித் துறையில் பணி செய்பவள். அவளை அழைத்துக் காட்டினேன். அவள் பழைய மின்னஞ்சல்களைத் தேடிப் பார்த்துவிட்டு, “மாமா, தாத்தா இதை உங்களுக்கு 2016இல் அனுப்பியிருக்கிறார். நீங்கள் 2020இல் அதை மறுபடியும் இறக்கிக்கொண்டிருக்கிறீர்கள். இந்தத் தேதி நீங்கள் இறக்கிய நாள், தாத்தா எழுதிய நாளன்று” என்றாள். ஆகவே, புதியதென்று நான் வைத்துக்கொண்டது உள்ளவற்றுள் மிகப் பழையது. பழையனவென்று அழித்தவற்றிலேதான் அவர் பின்னர் எழுதிச் சேர்த்த பக்கங்கள் இருந்தன.

அழிந்ததை மீட்க அவள் முயன்றாள். என் கணிப்பொறியிலிருந்தது எஸ்.எஸ்.டி. என்னும் வகை. அவ்வகையில் ஒரு கோப்பை அழித்தால், அஃதிருந்த இடத்தைக் கருவி தானே விரைவில் துடைத்துவிடுமாம். வெளியே வைத்திருந்த ஹார்ட் டிஸ்கிலோ, காலியான இடத்தில் நான் வேறு படங்களை நிரப்பிவிட்டேன்.

அப்பொழுது என் தமக்கையார், “அப்பா எனக்கு ஒரு பென் டிரைவ் கொடுத்தாரே, அது பீரோவில்தான் இருக்கிறது. வேண்டாததையெல்லாம் சேர்த்துவைக்கிறேன் என்று நீதான் என்னைக் கேலி செய்தாய்” என்றார். அடையாற்றிலுள்ள அவர் வீட்டுக்கு விரைந்தோம். புடைவைகளுக்கடியில் அஃது இருந்தது. அன்னையாரைப்பற்றிய ஏழு பக்கங்களும் அதில் இருந்தன.

மகிழ்ச்சி தணிந்தபின், “இரண்டு கோப்புக்கள் ஒன்றே என்பதை எவ்வாறு அறிவது?” என்று மருமகளைக் கேட்டேன். அவள் கூறியதன் சுருக்கம் வருமாறு: பெயரும் தேதியும் சான்றாகா. முதலில் அளவைப் பார்க்கவேண்டும். அளவு ஒரு பைட்டேனும் வேறுபட்டால் அவை வேறு கோப்புக்களே. அளவு ஒத்தவற்றுக்கு மட்டும் ‘ஹாஷ்’ என்னும் கணக்கைச் செய்யவேண்டும். இது கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் படித்து ஒரு சிறு முத்திரையைத் தரும். ‘ஷா-256’ என்ற முறையில் அம்முத்திரை 64 குறிகளால் ஆனது. ஆயிரம் பக்கத்தில் ஓரெழுத்து மாறினாலும் முத்திரை அடியோடு மாறிவிடும். 1991ஆம் ஆண்டில் ரொனால்டு ரிவெஸ்டு அமைத்த ‘எம்.டி.5’ என்ற பழைய முறையில், வெவ்வேறு கோப்புக்களுக்கு ஒரே முத்திரை வருமாறு செய்யலாமென்று 2004இல் சீன அறிஞர்கள் காட்டிவிட்டனர். ஆதலின் முத்திரை ஒத்த பின்னரும், இரு கோப்புக்களையும் பைட்டுக்குப் பைட்டு ஒப்பிடுவது உறுதியானது. ‘எஃப்டியூப்ஸ்’ போன்ற நிரல்கள் இந்த வரிசையிலேயே வேலை செய்கின்றன.

வாட்ஸப்பில் அனுப்பும் படங்கள் பெரும்பாலும் சுருக்கப்பட்டுவிடுகின்றன. அவை கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றினும் ஒன்றல்ல. அங்கே எதை வைத்துக்கொள்வதென்று மனிதன்தான் பார்த்து முடிவுசெய்ய வேண்டும்.

இவற்றைக் கேட்டபொழுது, பெசன்ட் நகரிலுள்ள மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் நூல்நிலையத்துக்குத் தந்தையார் என்னைச் சிறுவயதில் அழைத்துச் சென்றது நினைவுக்கு வந்தது. 1887இல் சீவகசிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த ஐயரவர்கள், ஒரு நூலுக்கு ஒரு பிரதி கிடைத்ததென்று அமையவில்லை. ஊர் ஊராகச் சென்று மேலும் மேலும் ஏடுகளைத் தேடினார். ஒன்றில் சிதைந்த வரி மற்றொன்றில் முழுதாக இருக்கும். ஒன்றில் பிழையாக எழுதிய சொல் மற்றொன்றில் திருந்தியிருக்கும். “ஏட்டுலகில் மிகைப் பிரதி என்பதே இல்லையடா” என்று தந்தையார் அன்று சொன்னார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிலிருந்த பழைய சுவடிகளை நெருப்பிலிட்டுவிட்டார்களென்று அறிந்து ஐயரவர்கள் வருந்திய வரலாற்றையும் கூறினார். நானும் பாராமல் நெருப்பிலிட்டவனே.

ஆயினும் ஏட்டுக்கும் கணிப்பொறிக்கும் ஒரு வேற்றுமை உண்டு. ஏடு எழுதுவோன் கை தவறும். ஆதலால் ஒவ்வொரு பிரதியும் தனித்தன்மை உடையது. கணிப்பொறி பிரதி செய்யும்பொழுது மூலமும் பிரதியும் வேறுபாடின்றி அமையும். ஆகையால் உள்ளடக்கம் முற்றும் ஒன்றே என்று நிறுவப்பட்டதைக் கூசாமல் கழிக்கலாம். நிறுவாமற் கழிப்பதே பிழை.

அதன்பின் வேலையை முறைப்படி செய்தேன். ஒன்றே என்று உறுதியானவற்றைக்கூட உடனே அழியாமல், தனியுறையில் ஒரு மாதம் வைத்திருந்து பிறகு அழித்தேன். கணிப்பொறியில் பாதியிடம் காலியாயிற்று. முக்கியமானவற்றுக்கு மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்களில், ஒன்று வேற்றிடத்தில் என்பது இத்துறையார் கூறும் விதி. அதனையே இப்பொழுது எங்கள் குடும்பமும் கைக்கொண்டிருக்கிறது.

நினைவுநாளன்று அவ்வேழு பக்கங்களையும் தமக்கையாரே படித்தார். பின்னர் அந்தப் பென் டிரைவிலிருந்து ஒரு பிரதி எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டேன். முத்திரைகள் ஒத்திருந்தன. “இனி இது மிகைதானே, அழித்துவிடலாமா?” என்று தமக்கையார் சிரித்துக்கொண்டே கேட்டார். நான் ஒன்றும் சொல்லாமல் அதனை அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் அதைப் பீரோவில் புடைவைகளுக்கடியில் வைத்துப் பூட்டினார்.