டாம் வெய்ட்ஸ்: எங்கிருந்து தொடங்குவது?

ஆண்டு வரிசையில் தொடங்குவது ஆய்வாளர் பழக்கம். டாம் வெய்ட்ஸிடம் அது வழிதவறச் செய்யும். 1973இல் வந்த முதல் இசைத்தொகுப்பான ‘குளோசிங் டைம்’ பியானோவோடு இழையும் மென்குரல். பின்னாளின் கரகரப்பு அதில் முழுதாக ஏறவில்லை. அதில் மயங்கியவர் 1983இன் ‘ஸ்வார்ட்ஃபிஷ்ட்ராம்போன்ஸ்’ கேட்டு மிரண்டு விலகிவிடக்கூடும். இழப்பு அவருக்குத்தான்.

ஆகவே முதலில் 1985இன் ‘ரெய்ன் டாக்ஸ்’. மழை மோப்பத்தைக் கழுவிவிட, வீடு திரும்பும் தடமறியாது அலையும் நாய்களே தலைப்பு. மரிம்பாவின் தட்டொலியும் மார்க் ரீபோவின் கோணல் கிதாரும் சூழ, அக்குரல் பாட்டுக்குப் பாட்டு வேறு ஆளாகிறது. அதே தொகுப்பில் ‘டைம்’ என்றொரு தணிந்த பாடல். கரகரப்பு குறையன்று, அவர் தேர்ந்துகொண்ட கருவி என்பது அங்கே விளங்கும். பிறகு 1973க்குத் திரும்பினால், அந்த மென்குரலிலும் மெல்லிய விரிசல் கேட்கும்.