மதீனாவில் ஊமையான கையடக்கத் தொலைபேசி



உம்ராவுக்குப் புறப்படும் வீட்டில் என்னென்ன ஆயத்தங்கள் நடக்கும் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இஹ்ராம் துணி, பிரஷர் மாத்திரை, துஆப் புத்தகம், வாய்க்கு ருசியாக ஒரு போத்தல் சம்பல். நானும் மனைவியும் எழுபது வயதைத் தாண்டிய என் உம்மாவும் சென்ற பயணத்தில் இவை எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. ஒழுங்கில்லாமல் போனது ஒன்றே ஒன்றுதான், கையடக்கத் தொலைபேசி.

"போனை நம்பியா அல்லாஹ்வுடைய வீட்டுக்குப் போகிறோம்?" என்று சிலர் கேட்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவன்தான். ஆனால் இன்றைய நிலைமை வேறு. மதீனாவில் ரவ்ழா ஷரீபுக்குள் செல்வதற்கு, சவூதி அரசாங்கம் 2022 இல் அறிமுகப்படுத்திய 'நுசுக்' செயலியின் மூலம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். ஆண்களுக்கு ஒரு நேரம், பெண்களுக்கு வேறொரு நேரம். அந்த அனுமதியைக் காட்டுவது கையிலுள்ள போனில்தான். போனுக்குத் தொடர்பு இல்லையென்றால் வாசலில் நிற்கும் பெண் என்ன செய்வாள்? இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டிய நிலை எங்களுக்கே வந்தது.

ஜித்தாவில் முதல் பாடம்

புறப்படுமுன் எனது இலங்கை சிம்முக்கு ரோமிங் பொதி ஒன்றை வாங்கியிருந்தேன். ஜித்தாவில் இறங்கி போனைத் திறந்ததும் வரவேற்புக் குறுஞ்செய்தி வந்தது. வீட்டிலிருந்த மகளுக்கு அழைப்பு எடுத்தேன், அதுவும் கிடைத்தது. ஆனால் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி மட்டும் போகவில்லை. அதன் ஓரத்தில் சின்னக் கடிகார அடையாளம் அப்படியே நின்றது.

இதற்குக் காரணம் உண்டு. பேசுவதற்கான அனுமதி வேறு, டேட்டாவுக்கான அனுமதி வேறு. நாம் வேறு நாட்டில் போனைத் திறந்ததும், அங்குள்ள நிறுவனம் நமது சிம்முக்குரிய இலங்கை நிறுவனத்திடம், "இவர் உங்களுடைய ஆளா? இவருக்கு எதையெல்லாம் கொடுக்கலாம்?" என்று கணினி மூலம் கேட்கிறது. பேச்சுக்கு அனுமதி கிடைத்து, டேட்டாவுக்குக் கிடைக்காமலும் போகலாம். அதற்கு மேலாக, போனுக்குள்ளேயே 'டேட்டா ரோமிங்' என்று தனியாக ஒரு பொத்தான் இருக்கிறது. தெரியாமல் பெரிய பில் வந்துவிடக் கூடாது என்பதற்காக அது பெரும்பாலும் மூடியே இருக்கும். நான் அதைத் திறந்தேன். அப்போதும் சரிவரவில்லை.

மனைவிக்கு அந்நாட்டு சிம் ஒன்று வாங்குவதற்காக விமான நிலையத்துக் கடைக்குப் போனோம். கடவுச்சீட்டைப் பார்த்து, கைவிரல் அடையாளமும் எடுத்த பின்னரே சிம் தருகிறார்கள். அதை அங்கே 'ஷரீஹா' என்பார்கள். கடைப் பையன் அரபியில், "பேச மட்டுமா? பயானாத்தும் வேண்டுமா?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபது வருடமாகப் பயான் செய்கிறவனிடம் பயானாத் வேண்டுமா என்று ஒருவன் விலை பேசுகிறான்! 'பயான்' என்பதன் பன்மைதான் 'பயானாத்'. இன்றைய அரபியில் டேட்டாவுக்கு அதுவே பெயர். கையடக்கத் தொலைபேசிக்கு அவர்களிடம் 'ஜவ்வால்' என்று பெயர், அதிகம் சுற்றித் திரிவது என்று அர்த்தம். ரோமிங்குக்கு 'தஜ்வால்' என்கிறார்கள். இரண்டும் ஒரே வேர்ச்சொல்லில் பிறந்தவை. கிதாபில் படித்த அரபு கடையில் உதவும் என்று அன்றுதான் கண்டேன்.

எனது போனின் நோயைக் கண்டுபிடித்ததும் அந்தப் பையன்தான். சவூதியில் ஒன்றுக்கு மேற்பட்ட தொலைபேசி நிறுவனங்கள் இருக்கின்றன. எனது பொதி அவற்றில் ஒன்றில் மட்டுமே வேலை செய்யும். போனோ தானாக வேறொன்றைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவன் 'ஆட்டோ' என்பதை நிறுத்தி, பட்டியலிலிருந்து சரியான பெயரைத் தெரிவு செய்தான். ஒரு நிமிடத்தில் வாட்ஸ்அப் செய்தி போய்விட்டது. எந்த நிறுவனத்தோடு பொதி வேலை செய்யும் என்பது எனக்கு வந்திருந்த குறுஞ்செய்தியிலேயே எழுதப்பட்டிருந்தது. வாசிக்காதது எனது குற்றம்.

மதீனாவில் இரண்டாம் பாடம்

மக்காவில் உம்ராவை நிறைவேற்றிவிட்டு, 2018 இல் திறக்கப்பட்ட ஹரமைன் ரயிலில் மதீனா சென்றோம். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஜன்னலோரம் இருந்த உம்மா பாலைவனத்தையும் கரும்பாறை மலைகளையும் பார்த்தபடி ஸலவாத்து ஓதிக்கொண்டே வந்தார். ரவ்ழாவுக்குப் போகும் காலை நேரத்தை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

உம்மாவினதும் மனைவியினதும் அனுமதிகள் இரண்டும் மனைவியின் போனில் இருந்தன. முதல் நாள் இரவு ஹோட்டலில் வைத்துத் திறந்து பார்த்தோம், நன்றாக வேலை செய்தது. மறுநாள் காலை, மஸ்ஜிதுன் நபவியின் வெளி முற்றத்தில் உள்ள 250 பெரிய குடைகளும் விரியும் வேளையில், அவர்களைப் பெண்கள் பகுதியில் விட்டுவிட்டு நான் ஆண்கள் பக்கம் வந்தேன். சற்று நேரத்தில் மனைவியின் அழைப்பு வந்தது.

"கோடெல்லாம் நெறய ஈக்கிது. நுசுக் மட்டும் தொறபடுதில்ல. முன்னுக்கு ஈக்கிற ஆக்கள் உள்ளுக்குப் போறாங்க. உம்மா அழப் பாக்கிறாங்க."

எனக்கு உடல் நடுங்கியது. அந்தப் பக்கம் நான் போக முடியாது. அவர் கையில் இருப்பதை நான் பார்க்கவும் முடியாது. எங்களுக்கிடையே சில நூறு யார்தான் இருக்கும். ஆனால் எனது இலக்கம் இலங்கை இலக்கமாகையால், அந்த அழைப்பு இலங்கைக்குப் போய்த்தான் திரும்பவும் மதீனாவுக்கு வந்துகொண்டிருந்தது.

ஹோட்டலில் வேலை செய்தது இங்கே ஏன் வேலை செய்யவில்லை என்று யோசித்தேன். அப்போதுதான் எனது பிழை விளங்கியது. அவரது போனில் இரண்டு சிம்கள், ஒன்று சவூதி, மற்றது இலங்கை. முதல் நாள் இரவு அவரது இலங்கை இலக்கத்துக்கு வர வேண்டிய ஒரு குறியீட்டுக்காக நான் செட்டிங்ஸில் எதையெதையோ அழுத்தினேன். டேட்டாவை இலங்கை சிம்முக்கு மாற்றிவிட்டு மறந்திருக்கிறேன். அந்த சிம்முக்கோ டேட்டா ரோமிங் கிடையாது. ஹோட்டலின் வைஃபை இருந்ததால் குறை வெளியே தெரியவில்லை. வாசலைத் தாண்டி வைஃபை விட்டுப் போனதும் போன் ஊமையாகிவிட்டது. சிக்னல் கோடுகள் நிறைந்திருந்தால் டேட்டாவும் வரும் என்பதில்லை.

"செட்டிங்ஸைத் தொறங்க. சிம் என்று ஈக்கிறதுக்குள்ள போங்க. டேட்டா எந்த சிம்மில ஈக்கிது என்று பாருங்க" என்றேன். அவர் அந்த இடத்தை ஒருநாளும் பார்த்தவரல்ல. எழுத்துக்களோ ஆங்கிலத்தில். நான் சொல்லச் சொல்ல, எழுத்தைக் கூட்டி வாசித்து வாசித்துத் தேடினார். மூன்று நான்கு நிமிடங்கள்தான் சென்றிருக்கும். எனக்கு அது ஒரு பகல் போல இருந்தது. "சவூதி சிம்மை அழுத்திட்டேன்... வந்திட்டு! அல்ஹம்துலில்லாஹ்!" என்ற குரலோடு அழைப்பு நின்றது. அந்தக் குழுவின் கடைசி ஆட்களாக இருவரும் உள்ளே சென்றிருக்கிறார்கள்.

வெளியே வந்த உம்மாவின் கண்கள் சிவந்திருந்தன, முகம் மலர்ந்திருந்தது. ஹோட்டலுக்கு நடக்கும்போது மெதுவாகச் சொன்னார்: "மகன், ஊர்ப் புள்ளயளுக்கெல்லாம் ஓதிக் குடுக்கிறீங்க. இதையும் இவவுக்கு ஓதிக் குடுத்திருந்தா நாங்க இப்பிடிப் பதறியிருக்க மாட்டமே."

பதில் சொல்ல எனக்கு வார்த்தை இருக்கவில்லை. சிம் வாங்கியது மனைவியின் பெயரில், கைரேகை வைத்தது அவர். ஆனால் போனை வாங்கி எல்லாவற்றையும் அழுத்தியது நான். அவருக்கு எதையும் காட்டவில்லை. ஆணும் பெண்ணும் பிரிந்து செல்ல வேண்டிய இடத்துக்கே கூட்டிச் சென்றுவிட்டு, பிரிந்தால் என்ன செய்வது என்பதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை

உம்ராவுக்கோ, ஹஜ்ஜுக்கோ, தொழிலுக்கோ, பிள்ளைகளைப் பார்க்கவோ வெளிநாடு செல்லும் சகோதரிகள் இவற்றைத் தங்கள் கையாலேயே ஒருமுறை செய்து பழகிக்கொள்ளுங்கள்.

1. புறப்படுமுன் உங்கள் நிறுவனத்துக்கு அழைத்து, பேச்சு, டேட்டா இரண்டுக்கும் ரோமிங் திறந்திருக்கிறதா, அந்நாட்டில் எந்த நிறுவனத்தோடு வேலை செய்யும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

2. பெயர்ப் பட்டியலில் உள்ள இலக்கங்களை +94 சேர்த்துப் பதியுங்கள். 077 என்று தொடங்கும் இலக்கத்தை 0 ஐ நீக்கி +9477 என்று மாற்றினால்தான் எந்த நாட்டிலிருந்தும் அழைப்பு போகும்.

3. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களின் மொழியைத் தமிழுக்கு மாற்றலாம். ஆங்கிலம் சிரமமானவர்கள் வெட்கப்படாமல் மாற்றிக்கொள்ளுங்கள்.

4. டேட்டா நின்றுவிட்டால் இந்த வரிசையில் பாருங்கள். முதலில் விமானப் பயன்முறையைப் போட்டு, அரை நிமிடம் கழித்து எடுங்கள். அடுத்து டேட்டா திறந்திருக்கிறதா, எந்த சிம்மில் திறந்திருக்கிறது என்று பாருங்கள். இலங்கை சிம்மில் பொதி எடுத்தவர்கள் டேட்டா ரோமிங் பொத்தானையும் பாருங்கள். பின்னர் நிறுவனத்தைக் கையால் தெரிவு செய்யுங்கள். கடைசியாக போனை அணைத்துத் திறவுங்கள்.

5. புதிய சிம் வாங்கினால், ஒரு பக்கம் திறப்பதைக் கண்ணால் காணும்வரை கடையை விட்டு நகராதீர்கள். 'ஏபிஎன்' என்ற சிறு விபரம் போனில் பதியாவிட்டால் சிம் சரியாக இருந்தாலும் டேட்டா வராது. கடைக்காரருக்கு அது ஒரு நிமிட வேலை.

6. இலங்கை சிம்மைக் கழற்றி வீசிவிட வேண்டாம். வங்கியின் இரகசியக் குறியீடு அதற்குத்தான் வரும். அதன் டேட்டாவை மட்டும் மூடி வையுங்கள். வாட்ஸ்அப் "இலக்கத்தை மாற்றவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய இலக்கத்திலேயே அது வேலை செய்யும்.

7. ஹரமைச் சுற்றிப் பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் போன் பாவிக்கும்போது, எல்லாம் சரியாக இருந்தும் டேட்டா ஓடாது. பதற வேண்டாம். சற்று விலகி நின்று திரும்ப முயலுங்கள்.

8. முக்கியமான இடத்துக்குப் புறப்படுமுன் ஹோட்டல் அறையிலேயே வைஃபையை ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். அப்போதும் நுசுக் திறந்தால் வெளியிலும் திறக்கும். நாங்கள் இதை ஒன்றைச் செய்திருந்தால் அந்தக் காலைப் பதற்றம் இருந்திருக்காது.

ஹோட்டலின் பெயர், அறை இலக்கம், துணை வருபவரின் இலக்கம் ஆகியவற்றை ஒரு கடதாசியில் எழுதி வயதானவர்களின் பையில் வையுங்கள். பெற்றரி தீர்ந்தாலும் கடதாசி பேசும்.

ஊர் திரும்பிய வாரமே மனைவியையும் இரண்டு மகள்மாரையும் இருத்தி, போனைத் திறந்து பாடம் நடத்தினேன். மூன்றாம் நாள் மனைவி என் போனை வாங்கி, நான் அறியாத ஒன்றை எனக்குக் காட்டித் தந்தார். வாட்ஸ்அப்புக்கு வரும் படங்களும் வீடியோக்களும் தானாக இறங்கியதில்தான் எனது ரோமிங் பொதி அங்கே பாதி வழியில் தீர்ந்திருக்கிறது. அதை எப்படி நிறுத்துவது என்பதை மகளிடம் கேட்டுப் படித்திருந்தார்.

அடுத்த பயணத்தில் போன்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருக்கே. இன்ஷா அல்லாஹ், உம்மாவையும் கூட்டிச் செல்வோம்.