குடிலுக்கு வந்த கோவிவன்

மார்கழி மாதத்தில் போளூருக்குக் குளிர் மேற்கிலிருந்து வரும். சவ்வாது மலையில் மாலையிலேயே இறங்கத் தொடங்கும் பனி, விடிவதற்குள் ஊரின் ஓட்டுக் கூரைகளையும் வைக்கோற்போர்களையும் நனைத்துவிடும். 1970களின் பிற்பகுதியில் அவ்வூரில் வாழ்ந்த கிறித்தவக் குடும்பம் ஒன்றின் சிறுவனுக்கு அக்குளிரே நாட்காட்டி. வாயைத் திறந்தால் புகை வருகிறதா? அப்படியானால் கிறித்துமஸ் நெருங்கிவிட்டது. இதைச் சோதித்துப் பார்ப்பதற்காகவே அவன் நாள்தோறும் விடியற்காலையில் வாசலில் நின்று வாயைத் திறந்து மூடுவான். அவனருகே, எந்த நோக்கமும் இல்லாமல் அதே செயலைச் செய்துகொண்டு ஒரு செவலை நாயும் நிற்கும்.

அந்நாயின் பெயர் கோவிவன். மணி, டைகர், சீசர் என்று நாய்கள் வலம்வந்த தெருவில் இப்பெயர் பெருங்குழப்பத்தை விளைவித்தது. கேட்டவர்களெல்லாம் ‘கோவிந்தன்’ என்றே கொண்டனர். அத்தெருவில் கோவிந்தன்கள் இருவர் இருந்தமையால், “கோவிவா, எச்சில் இலையை விட்டு இந்தப் பக்கம் வா!” என்று சிறுவன் கூவும்போது சில சங்கடங்கள் நேர்ந்தன.

பெயரிட்டவர் தாத்தா. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலைத் திருமறைக்கு அடுத்தபடியாக மதித்தவர். அந்நூல் கூறும் கற்களுள் ஒன்று எடுத்தனூரில் உள்ளது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கருந்தேவக்கத்தி என்னும் வீரன் தன் எருமை மந்தையைக் காக்கப் போரிட்டு மாண்டான். அவனுக்கு எடுக்கப்பட்ட கல்லில் அவனுடைய நாயும் இடம்பெற்றிருக்கிறது. அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியும், கோவிவன் என்னும் அதன் பெயரும் அக்கல்லிலேயே வெட்டப்பட்டுள்ளன. “பேரரசர்கள் எத்தனையோ பேருடைய பெயர் மறைந்துபோயிற்று. நம் பக்கத்து நாயின் பெயர் 1,300 ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது” என்று தாத்தா பெருமிதத்தோடு சொல்வார். அந்நாளில் போளூரும் செங்கமும் வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தன. திருவண்ணாமலை மாவட்டம் 1989இல்தான் பிறந்தது. ஆகவே ‘நம் பக்கம்’ என்று அவர் உரிமை கொண்டாடியதில் தவறில்லை.

பெயருக்கும் பெயர் தாங்கியவனுக்கும் இருந்த தொலைவுதான் சற்று அதிகம். பல்லவர் காலக் கோவிவன் கள்வரைக் கடித்தது. போளூர்க் கோவிவன் கருவாடு விற்பவரின் கூடையைக் கடித்தது. அந்நியர் வந்தால் வாலை ஆட்டும். வீட்டார் வந்தால் குரைக்கும். பட்டாசு வெடித்தால் தாத்தாவின் கட்டிலுக்கடியில் புகுந்து, வெடித்தவன் ஊரைவிட்டுப் போனாலும் வெளியே வராது. தாத்தாவைக் கேட்டால், வீரம் வெளிப்படுவதற்குத் தக்க சூழல் இன்னும் அமையவில்லை என்பார்.

அவ்வாண்டு திசம்பர் மாதத் தொடக்கத்தில், எதிர்வீட்டுக் கோழி இரண்டு காணாமற் போயின. கோவிவனின் மூக்கில் ஓர் இறகு ஒட்டியிருந்தது. சிறுவனின் தந்தை ஓர் அலுவலகத்தில் எழுத்தர். சான்று இருந்தால் தீர்ப்பு எழுதத் தயங்காதவர். கோழிகளுக்கு உரிய பணத்தைக் கொடுத்துவிட்டு வந்து, கிறித்துமஸ் முடிந்த மறுநாள் நாயை மலைக்கு அனுப்பிவிடுவது என்று அறிவித்தார். சவ்வாது மலையிலிருந்து தேனும் சாமையும் புளியும் கொண்டுவந்து வீடுவீடாக விற்கும் முதியவர் ஒருவர் மாதந்தோறும் வருவார். அவருடைய கொல்லையில் காட்டுப்பன்றித் தொல்லை மிகுதி. காவலுக்கு நாய் வேண்டும் என்று கேட்டிருந்தார். ஜமுனாமரத்தூருக்கும் அப்பால் எங்கோ இருந்தது அவருடைய ஊர். வாசலில் நின்று பார்த்தால் நீலமாகத் தெரியும் அம்மலை, அன்றுமுதல் சிறுவனுக்கு மிகவும் தொலைவில் போய்விட்டது. அழுவதனால் பயனில்லை என்பதை அறிந்திருந்தும் அவன் ஒருநாள் முழுவதும் அழுது பார்த்தான்.

ஆயினும் பண்டிகை வேலைகள் நிற்கவில்லை. வடஆர்க்காட்டு வழக்கப்படி ஆயா என்றே எல்லாரும் அழைத்த பாட்டி, பச்சரிசி இடித்து, வெல்லப்பாகு வைத்து, அதிரச மாவைப் பானையில் புளிக்கவைத்தார். மூங்கிலைச் சிம்புகளாகச் சீவி, வண்ணத்தாள் ஒட்டி, தாத்தா ஐந்துமுனை விண்மீன் ஒன்று செய்தார். ஒட்டுவதற்குக் காய்ச்சிய மைதாப் பசையில் பாதியைக் கோவிவன் குடித்துவிட்டது. மீதியிலும் முகத்தை நுழைத்ததனால், விண்மீனின் சிவப்புத்தாள் ஒன்று அதன் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. அன்றைய பொழுது முழுவதும் அது திலகமிட்ட பெரியவரைப்போல் தெருவில் உலவியது.

பெரும்பணி குடில் அமைப்பது. கூடத்தின் மூலையில் பழைய பெட்டிகளை அடுக்கி, கரியும் காவியும் பூசிய முரட்டுத்தாளைக் கசக்கிப் போர்த்தினால் மலை எழும். செய்யாற்று மணல் பாதையாகும். பத்து நாள் முன்னதாகவே தட்டுகளில் மண் நிரப்பி விதைத்திருந்த கேழ்வரகு, பசும்புல்வெளியாக முளைத்து நிற்கும். பெத்லகேம் எப்படி இருக்கும் என்று அவ்வீட்டில் எவரும் பார்த்ததில்லை. ஆகவே சிறுவன் எழுப்பிய மலைக்கு எப்போதும் சவ்வாது மலையின் சாயலே இருந்தது. மேற்குச் சரிவும் கணவாயும்கூடத் தப்பவில்லை. அதன் அடிவாரத்தில் வைக்கோல் வேய்ந்த தொழுவம். சூசையப்பர், மரியாள், மாடு, கழுதை, இடையர் மூவர், ஆடுகள் ஏழு, கால் ஒடிந்து தீக்குச்சியால் முட்டுக்கொடுக்கப்பட்ட ஒட்டகம் ஒன்று. குழந்தை இயேசுவின் உருவம் மட்டும் நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்த பின்னரே வைக்கப்படும். அதுவரை அது ஆயாவின் பொறுப்பு.

குடிலை அமைத்துக்கொண்டிருந்தபோதுதான் சிறுவன் கேட்டான்: “தாத்தா, இதில் நாய் ஏன் இல்லை?”

தாத்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கேள்வி பெரிதாக இருந்தால் அவர் அப்படித்தான் செய்வார். இடையர்கள் இரவில் கிடைக்குக் காவல் இருந்தார்கள் என்று லூக்கா நற்செய்தி சொல்கிறது. நாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றார். சற்று எண்ணிப் பார்த்து, குழந்தை பிறந்த இடத்தில் மாடும் கழுதையும் நின்றதாகவும் அது சொல்லவில்லையே என்றார். 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்னும் ஊரில் அசிசியின் பிரான்சிசு கிறித்து பிறப்புக் காட்சியை அமைத்தபோது உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார். அவற்றுக்குக் குடிலில் நிலையான இடம் கிடைத்துவிட்டது. தோபித்து நூலில் வானதூதரோடு வழிநடந்த நாய் உண்டு. கோயில்களில் ஆரோக்கியநாதர் சுரூபத்தின் காலடியில் வாயில் அப்பத்தைக் கவ்விய நாய் உண்டு. “அப்படியிருக்க, குடிலில் மட்டும் நாய்க்கு ஏன் இடமில்லை? நியாயமான வழக்குத்தான்” என்று முடித்தார்.

“எழுதாத மாடு வந்ததுன்னு எழுதாத நாயும் வரணுமா? நாளைக்குப் பூனை வந்து நிக்கும்” என்று அடுப்படியிலிருந்து ஆயாவின் குரல் வந்தது. தந்தை எதுவும் சொல்லாமல் விண்மீனுக்குள் மின்விளக்கைப் பொருத்திக்கொண்டிருந்தார். வழக்கு அத்துடன் ஒத்திவைக்கப்பட்டது.

நள்ளிரவுத் திருப்பலிக்கு அவர்கள் சேத்துப்பட்டுக்குப் போவது வழக்கம். பிரான்சு நாட்டிலிருந்து வந்த தாராஸ் அடிகளார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே எழுப்பிய லூர்து அன்னை ஆலயம் சுற்றுவட்டாரக் கத்தோலிக்கருக்கெல்லாம் தாய்வீடு. ஆயா ஒவ்வோராண்டும் தன் பாட்டனாரைப் பற்றிய கதையைப் பேருந்திலேயே தொடங்கிவிடுவார். 1876 முதல் 1878 வரை இப்பகுதியை வாட்டிய பெரும்பஞ்சத்தில் பிழைத்தவர் அவர். பஞ்சத்தில் மனிதர்களுக்கே சோறில்லாதபோது அவர் வளர்த்த நாய் என்ன தின்றது என்று சிறுவன் அன்று கேட்டான். ஆயா அதற்கு விடை சொல்லாமல் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

கோவிவன் பின்தொடர்ந்து வந்துவிடாதபடி கூடத்துத் தூணில் கட்டிப்போடப்பட்டிருந்தது. கட்டியவன் சிறுவன். முடிச்சை அவன் அன்பாகப் போட்டிருந்தான் என்பது பின்னர்த் தெரியவந்தது.

திருப்பலி முடிந்து, ஆலய முற்றத்தில் போர்வைக்குள் ஒடுங்கிக் காத்திருந்து, முதற்பேருந்தில் அவர்கள் வீடு திரும்பியபோது நன்றாக விடிந்துவிட்டது. கதவைத் திறந்தவுடன் ஆயா “ஆண்டவரே!” என்றார். அவ்விளிப்பு இறைவேண்டல் அன்று.

அதிரசத் தூக்கு கவிழ்ந்து கிடந்தது. எண்ணி வைத்த நாற்பதில் ஒன்பது எஞ்சியிருந்தன. குழந்தை உருவத்தை வெள்ளைத் துணியில் சுற்றி, பத்திரமாக இருக்கட்டும் என்று அதே பெட்டியில் ஆயா வைத்திருந்தார். துணி மட்டும் தரையில் கிடந்தது. அதிரசத்து நெய்யைத் துடைத்த துணியும் அதுவே என்பதை அவர் நெடுங்காலம் ஒப்புக்கொள்ளவில்லை. பெத்லகேம் அழிந்திருந்தது. கேழ்வரகுப் புல்வெளியின்மேல் ஒட்டகம் குப்புறக் கிடந்தது. தொழுவத்துக் கூரை சரிந்து, அதன் வைக்கோல்மீது கோவிவன் சுருண்டு உறங்கிக்கொண்டிருந்தது. முன்னங்கால்கள் இரண்டுக்கும் நடுவே, உடையாமல், குழந்தை இருந்தது.

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. “காத்திருக்கிறது பாருங்கள்” என்றார் தாத்தா, குரல் தழுதழுக்க. “நக்கியிருக்குது பாருங்க” என்றார் ஆயா. இரண்டும் உண்மை. குழந்தையின் இடது பாதத்தில் வண்ணம் முழுவதும் போய்ச் சுண்ணாம்பு வெண்மையாகத் தெரிந்தது. அந்தப் பாதம் பின்னர் ஒருபோதும் வண்ணம் பெறவில்லை. பூசுவதற்குத் தாத்தா ஒப்பவில்லை.

சிறுவன் தந்தையின் முகத்தைப் பார்த்தான். அதில் தீர்ப்பு மாறியதற்கான குறி எதுவும் இல்லை. அன்று பகலில் நாட்டுக்கோழிக் குழம்பு மணத்தது. தன் பங்கில் பாதிக்குமேல் அவன் யாரும் அறியாமல் கொல்லைப்புறம் கொண்டுபோனான். அங்கே ஏற்கெனவே தங்கை தன் பங்குடன் நின்றிருந்தாள். நாயைச் சங்கிலியிலிருந்து அவிழ்த்துக் காட்டுப்பக்கம் ஓட்டிவிட்டால் மலைக்காரரிடம் கொடுக்க முடியாதல்லவா என்று இருவரும் ஆலோசித்தனர். அவிழ்த்தும் விட்டனர். கோவிவன் சோற்றுத் தட்டைச் சுற்றி வந்து அங்கேயே படுத்துக்கொண்டது.

மறுநாள் காலையில் தேன்காரர் வந்தார். தோளில் சாமை மூட்டை, கையில் தேன் நிரம்பிய தகரடப்பா. நாயைக் கொண்டுவரச் சொல்லித் திண்ணையில் அமர்ந்தார். அதன் காதைப் புரட்டினார், பல்லைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த கோலை மண்ணில் ஓங்கித் தட்டினார். கோவிவன் ஒரே பாய்ச்சலில் கூடத்துக்குள் ஓடி, தாத்தாவின் கட்டிலுக்கடியில் மறைந்தது.

“இது வேணாங்க ஐயா” என்றார் அவர், மிகுந்த மரியாதையோடு. “பன்னி வந்தா இது வழிவிட்டு நிக்கும்.”

சிறுவனின் வாழ்வில் ஒருவருடைய கோழைத்தனத்துக்காக அவன் இறைவனுக்கு நன்றி கூறியது அந்த ஒருமுறைதான்.

சாமையை அளந்து கொடுப்பதற்காக உள்ளே வந்த தேன்காரர், அதற்குள் சீர்செய்யப்பட்டிருந்த குடிலின் முன் நின்றார். இதற்குமுன் அவர் அதைப் பார்த்ததில்லை. முரட்டுத்தாள் மலையைப் பார்த்ததும், “நம்ம மலை” என்றார். சிறுவனுக்குப் பெருமை தாங்கவில்லை. அவரோ ஆடுகளை எண்ணினார், இடையர்களைப் பார்த்தார், மலைக்குப் பின்புறமும் எட்டிப் பார்த்தார்.

“இவங்க ராத்திரியில ஆடு காக்கிறாங்களா?”

“ஆமாம்” என்றார் தாத்தா.

“மலையிலயா?”

“ஆமாம்.”

“நாயைக் காணமே?” என்றார் அவர். “நாயில்லாம ஒரு ராத்திரி தாங்குமா? காலையில ஏழு ஆடு இருக்காதுங்க.”

தாத்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றவில்லை. மருமகளை அழைத்து, அவருக்கு எஞ்சிய அதிரசங்களுள் நான்கைக் கொடுக்கச் சொன்னார். ஆயாவும் அன்று மறுத்துப் பேசவில்லை. நூல்களிலிருந்து அவர் திரட்டி வந்த சான்றுகளுக்கெல்லாம் மேலான சான்று, செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து நின்றிருந்தது.

கோவிவன் மேலும் ஆறாண்டுகள் அவ்வீட்டில் வாழ்ந்தது. அதன் பிறகு காணாமற்போன கோழிகளுக்கு உரிய பணத்தையும் தந்தையே கொடுத்தார், தீர்ப்பு எதுவும் வழங்காமல். அடுத்த ஆண்டு திசம்பரில் ஒரு மாலை அவர் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது, மிதிவண்டியின் பின்னால் செய்தித்தாளில் சுற்றிய பொதி ஒன்று இருந்தது. குயவரிடம் சொல்லிச் சுட்டு வாங்கிய மண்நாய். செம்மண் நிறம், மடிந்த காது, சுருண்ட வால். அளவு சொல்ல மறந்துவிட்டார் போலும். அது ஒட்டகத்தைவிட ஒரு சாண் உயரமாக இருந்தது. தொழுவத்துக்குள் நுழையவில்லை. மலைச்சரிவில் இடையர்களுக்குப் பக்கத்தில் அதை நிறுத்தி, சாய்ந்துவிடாமல் அடியில் மணலைக் குவித்தார் தந்தை. மூன்று இடையர்களும் அந்த நாயின் நிழலில் நின்றார்கள்.