ஈரத் துண்டு

அப்பத்தா பிழிந்து போட்ட சேலையில் சொட்டுத் தண்ணி வடியாது. அப்படி ஒரு முறுக்கு முறுக்குவாள். போன வருஷம் ஒருநாள் கொடியில் கிடந்த அவளுடைய துண்டிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. எடுத்து இன்னொரு தடவை பிழிந்து போட்டேன். அத்தோடு மறந்தும் போனேன்.

வயசு என்றால் நரை, சுருக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். தளர்ச்சி தசையில் நடக்கிறது. நடுவயதிலேயே மெல்லத் தொடங்கி, அறுபதுக்கு மேல் வேகம் பிடிக்கிறது. 1989-இல் இர்வின் ரோசன்பெர்க் இந்தத் தசை இழப்புக்கு 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தார். 2001-இல் லிண்டா ஃபிரைடும் உடன் ஆய்வாளர்களும் தளர்ச்சிக்கு ஐந்து அடையாளங்கள் சொன்னார்கள்: முயலாமலே எடை குறைவது, சோர்வு, கைப்பிடி பலம் குறைவது, நடை மெதுவாவது, உடலுழைப்பு குறைவது. இதில் ஒன்றிரண்டு இருந்தால் வாசற்படியில் நிற்கிறோம். மூன்று இருந்தால் உள்ளே வந்துவிட்டோம்.

அப்பத்தாவுக்குக் கையும் நடையும் போயிருந்தன. மூன்றாவதை நாங்கள் கொடுத்தோம்.

கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். எலும்புக்கு ஒன்றுமில்லை. பயந்தது நாங்கள்தான். "நீ சும்மா உக்காரு அப்பத்தா, நாங்க இருக்கோம்ல." குடத்தை வாங்கிக்கொண்டோம். விளக்குமாற்றை ஒளித்து வைத்தோம். சோறு கட்டிலுக்கே போனது. பாசம் என்றுதான் நினைத்தோம். மூணே மாசத்தில் யாராவது கை கொடுக்காமல் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. வயதான தசை சும்மா கிடந்தால் சீக்கிரம் கரையும். திரும்பி வருவதற்குத்தான் நாளாகும்.

வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் நீளமாக ஒன்றும் பேசவில்லை. "கையை ஊனாம நாற்காலியில இருந்து எந்திரிச்சு உக்காரச் சொல்லுங்க. பக்கத்துல நில்லுங்க, தூக்காதீங்க. முட்டை, பருப்பு குடுங்க. முடிஞ்ச வேலையைச் செய்ய விடுங்க."

"இதத்தானடா நானும் சொன்னேன். யாரு கேட்டீக?" என்றாள் அப்பத்தா.

இப்போது ஒரு மூச்சில் எட்டு தடவை எழுகிறாள். பழைய பலம் வராது. அது அவளுக்கும் தெரியும். ஆனால் தன் துண்டை அவளே அலசிப் பிழிகிறாள். கொடியில் அது இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கை துறுதுறுக்கிறது. தொடுவதில்லை. வெயில் காயவைக்கட்டும்.